இரண்டாம் தொட்டிக்கு நேரே ஒரு ‘மேற்படி’

போதும். ஒன்பது வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இதற்கு மேலும் இருந்தால் அதைப் பொறுமை என்று சொல்லிக்கொள்ள முடியாது. வேறு என்ன பெயர் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் என் முகத்துக்கு நேரே அதை நீ ஒருநாளும் சொன்னதில்லை.

இன்று காலை பத்தரை மணி இருக்கும். அறைக்குள் விளக்கெண்ணெய் வாசனை வந்தது. கம்ப்யூட்டரிலிருந்து தலையை எடுக்காமலே, “உக்காருடா” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், நீ போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது என்பது உறைத்தது. நிமிர்ந்து பார்த்தால் பாய் நின்றுகொண்டிருந்தார். மூக்கைச் சுற்றி எண்ணெய் மினுமினுத்தது. தோளில் கிடந்த துண்டில் ரத்தம். காய்ந்த ரத்தமில்லை.

பாயை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேராவூரணிப் பக்கம் ஊர். வளைகுடாவில் எட்டு வருடம் இதே குரோம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். நீதான் இரண்டாம் தொட்டியில் அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாய். நீ பட்டறையை விட்டுப் போன பிறகும் அவர் அங்கேயே நிற்கிறார். மூக்கில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டுதான் தொட்டிப் பக்கம் போகிறார். அண்ணன் சொன்னது என்கிறார். தொட்டியில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் நீ ‘அண்ணன்’. நான் ‘சார்’. இந்த வித்தியாசம் உன் கண்ணில் பட்டதா என்று தெரியாது. எனக்கு அது இருபது வருடம் உறுத்தியது.

அவர் இரண்டு விஷயம் சொன்னார். முதல் விஷயம் மூக்கு. ரத்தம் நிற்கவில்லை, தஞ்சாவூரில் டாக்டரைப் பார்த்திருக்கிறார். என்ன கெமிக்கலில் நிற்கிறாய் என்று கேட்டாராம், பட்டறையில் எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொன்னாராம். “புதுசா ஏதோ ஃபாரம் வந்திருக்காமே சார். அதுலயாவது எங்க தொட்டியப் போடுவீங்களா?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டாவது விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என்னை இந்தப் பட்டறைக்குள் கொண்டுவந்தவன் நீ. அதற்கு நான் நன்றி சொன்னதே இல்லை, நீ அதை எதிர்பார்த்ததும் இல்லை. பி.எஸ்சி.யில் ஒரே பெஞ்சு. நீ இரண்டாம் வகுப்பில் தேறி அதோடு நிறுத்தினாய். நான் மேலே படித்தேன், முதல் வகுப்பு வாங்கினேன், கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு மூன்று வருடம் காத்திருந்தேன். அந்த இடம் கடைசியில் யாருக்குப் போனது, எப்படிப் போனது என்பதை இன்றைக்கும் பல் தேய்க்கும்போது நினைத்துக்கொள்கிறேன். நீ சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, திருக்காட்டுப்பள்ளிச் சாலையில் வாய்க்கால் ஓரமாக இருக்கிற இந்தத் தகரக் கொட்டகைக்கு வந்தாய். முதலாளியிடம், நம்ம பையன்தான், எம்.எஸ்சி., பேப்பர் வேலையெல்லாம் இவன் பார்த்துக்கொள்வான் என்றாய். அன்றிலிருந்து உனக்கு நான் ‘எம்மெஸ்ஸி’. செல்லமாகத்தான் கூப்பிட்டாய். ஆனால் தொட்டிக்காரர்கள் முன்னால் கூப்பிட்டாய்.

அறுவடை இயந்திரத்தின் ராடு, போர் பம்பின் தண்டு, ரைஸ்மில் உருளை, தேய்ந்து வருவதையெல்லாம் குரோம் அடித்துப் புதிதாக்கி அனுப்புகிற பட்டறை. உனக்கு அது பிடித்திருந்தது. குங்குமத்தைக் கட்டியாக உடைத்த மாதிரி இருக்கும் அந்தச் சிவப்பு ஆசிட் செதிலைத் தொட்டியில் கரைத்து, சூட்டைக் கையால் தொடாமலே, ஆவி எழுகிற விதத்தை வைத்துச் சொல்வாய், இன்னும் ரெண்டு நிமிஷம் போகட்டும் என்று. நான் தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்ப்பேன். சரியாக இருக்கும். எரிச்சலாக இருக்கும்.

அரசாங்க விதி வந்த வருடம் ஞாபகம் இருக்கிறதா? எந்த நச்சு ரசாயனத்தை எவ்வளவு உபயோகித்தீர்கள், போன வருடத்தைவிட எவ்வளவு குறைத்தீர்கள், இனி எப்படிக் குறைக்கப் போகிறீர்கள் என்று வருடாவருடம் ஜூன் மாதத்துக்குள் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டார். எனக்கு இன்னொரு பேப்பர் வேலை. நீ மட்டும் சந்தோஷப்பட்டாய். படிவத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தொட்டிக்கு ரேஷன் கார்டு குடுத்துட்டாங்கடா. பேரு பதிஞ்சாச்சுன்னா நாளைக்குக் கேக்குறதுக்கு ஒரு ஆள் வரும்” என்றாய். நான் சிரித்தேன். நீ கேலியாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். ஆவியை இழுத்து வெளியே தள்ளுகிற எந்திரம் ஒன்றைத் தொட்டிக்கு மேலே வைக்கச் சொல்லி அதற்கு முன்பே மூன்று தடவை முதலாளியிடம் நீ கேட்டிருந்தாய் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

முதல் இரண்டு வருடம் ஒழுங்காகத்தான் எழுதினோம். வாய்க்காலில் தண்ணீர் வருகிற மாதமும் படிவம் போகிற மாதமும் ஒன்று. வெளியே புதுத் தண்ணீர் குப்பையைத் தள்ளிக்கொண்டு வரும், நாற்றங்காலுக்குச் சேறடிக்கிற சத்தம் கேட்கும். நீ என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, எந்தத் தொட்டியில் எத்தனை கிலோ கரைத்தோம் என்று உன் சட்டைப்பை நோட்டைப் பார்த்து வாசிப்பாய். நான் எழுதுவேன்.

மூன்றாவது வருடம், முதலாம் தொட்டியின் அடி விரிசல் விட்டு ஒழுகியது. அதை மூடினோம். இரண்டாவது தொட்டி மட்டும் ஓடியது. இது உண்மை. படிவத்தில் முதல் வரிசையில் எழுதினேன்: குரோமிக் ஆசிட், பட்டறையின் மேற்குக் கொட்டகை, தொட்டி நிரந்தரமாக மூடப்பட்டது, பயன்பாடு இல்லை, இனியும் இல்லை. இதுவும் உண்மை. அன்றைக்கு நீ விடுப்பு. உன் மாமனாருக்குக் கண் ஆபரேஷன். நோட்டு உன்னோடு போயிருந்தது. நாளைக்கு வந்ததும் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்து, தெரிந்ததை மட்டும் இரண்டாவது வரிசையில் எழுத ஆரம்பித்தேன். ரசாயனத்தின் பெயர்: மேற்படி. இடம்: மேற்படி. சரிதானே? அதே ஆசிட், அதே கொட்டகை.

நாமெல்லாம் அந்த ஒரு சொல்லில் வளர்ந்தவர்கள். பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் அது, பட்டாவில் அது, பத்திரத்தில் அது. ஒரு தடவை எழுதியதை இன்னொரு தடவை எழுதக் கை வலிக்கிற ஜனங்கள். முதலாளிக்கே அந்தப் பெயர்தான் வைத்திருந்தோம். வாசலில் கார் நின்றால், “மேற்படி வந்தாச்சு” என்பாய், எல்லாரும் பீடியை அணைப்பார்கள். அன்றைக்கு என் கை, ஆரம்பித்ததை நிறுத்தவில்லை. மூன்றாவது கட்டம், நான்காவது கட்டம், ஐந்தாவது கட்டம் என்று வரிசை முடிகிறவரை ‘மேற்படி’யாகப் போட்டுக்கொண்டே போய்விட்டது. முதலாளி வெளியே ஹாரன் அடித்தார். அலுவலகம் வழியாகத்தான் போகிறேன், கொடுத்துவிடலாம் என்றார். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நான் எழுதவில்லை. இதை உன்னிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், மனதுக்குள். சோம்பேறித்தனம். ஒரு சொல். அதற்குள் ஒரு தொட்டி மூழ்கிப்போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. இரண்டு தொட்டிகளிலும் நச்சு ரசாயனத்தை முழுவதும் நிறுத்திய முன்மாதிரிப் பட்டறை என்று இருந்தது. முதலாளி அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார். தஞ்சாவூரில் ஒரு கூட்டத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கு ஒரு ஃபிளாஸ்க் வாங்கிக் கொடுத்தார். நீ ராடு ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனவன், நின்று அந்தக் கண்ணாடியை முழுக்கப் படித்தாய். ராடைக் கீழே வைத்துவிட்டு என் அறைக்கு வந்தாய்.

“எம்மெஸ்ஸி, உசிரோட இருக்குற தொட்டிக்கு டெத் சர்டிபிகேட் குடுத்துட்டியேடா.”

எனக்கு முதலில் புரியவில்லை. நகலை எடுத்துப் பார்த்தேன். பார்த்ததும் காது இரண்டும் சூடாகிவிட்டது. அன்றைக்கே திருத்தம் கேட்டுக் கடிதம் எழுதினேன். இதை நீ நம்பவில்லை என்று நினைக்கிறேன். எழுதினேன். முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முழுவதும் படித்தார், நாலாக மடித்தார், டீ டம்ளருக்கு அடியில் வைத்தார். நல்ல பேர் வந்திருக்கு சார், நாமளே போய்க் கெடுத்துக்கணுமா என்று மட்டும் கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. மறுநாள் அந்தக் கடிதத்தை டம்ளரின் வட்டத்தோடு எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். அடுத்த ஜூனில் படிவம் வந்தபோது இரண்டாவது வரிசையில் என்ன எழுதுவது என்று முதலாளியைக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வைக்கும் அந்தச் சொல்தான் அர்த்தம். முதல் தடவை எழுதியது பிழை. இரண்டாவது தடவை எழுதியதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

அதற்கப்புறம் அந்தத் தொட்டி, இருந்தும் இல்லாத தொட்டி. ஆசிட் சில்லறையாக, பில் இல்லாமல் வந்தது. யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் முந்தின நாளே கரண்டை நிறுத்தி, மேலே பலகை அடித்து, முதலாளி வயலின் நெல் மூட்டைகளை அடுக்கிவிடுவோம். ஒரு தடவை வந்த அதிகாரி கால் வலிக்கிறது என்று அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்து டீ குடித்தார். அடியில் ஆயிரம் லிட்டர். அவர் போன பிறகு நீ சொன்னாய், “இதான்டா நேரடி ஆய்வு.” கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அடங்கியதும் நீ கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தொட்டிக்கு மேலே ஆவி இழுக்கிற எந்திரம் என்ன ஆனது என்று. அதற்குள் அந்த ஆவி பட்டே உன் மூக்குத் தண்டில் ஓட்டை விழுந்திருந்தது. நீ அதையும் வேடிக்கையாகத்தான் சொன்னாய், இனிமேல் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டுக்கொண்டு நடுவில் ஒரே திருகாணி வைத்துக்கொள்ளலாம் என்று. பாய் சொன்னார், வளைகுடாவில் மாஸ்க் இல்லாமல் கொட்டகை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று. நான் முதலாளியைக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே உன்னிடம் வந்து சொன்னேன். அவர் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். என் வார்த்தையாகச் சொன்னேன்:

“இல்லாத தொட்டிக்கு எந்திரம் வாங்கினா, எதுக்குன்னு கேக்க மாட்டானா?”

நீ எழுந்து போனாய். மறுநாள் சட்டைப்பையில் நோட்டுக்குப் பதிலாக ஒரு சின்னப் பாட்டில் இருந்தது. விளக்கெண்ணெய். எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்து மூக்கில் தடவிவிட்டாய். அரசாங்கம் விதி போட்டு, அலுவலகம் படிவம் போட்டு, படித்தவன் கையெழுத்துப் போட்டு, கடைசியில் நம் பட்டறையில் நச்சு ரசாயனத்துக்கு எதிராக இருந்த ஒரே ஏற்பாடு அந்தப் பாட்டில்தான்.

தொட்டியை மறைக்கத் தொடங்கிய நான்காவது வருடம் அந்த மொட்டைக் கடுதாசி போனது. நெல் மூட்டைக்கு அடியில் தொட்டி ஓடுகிறது என்று யாரோ அலுவலகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். அதிகாரி சொல்லாமல் வந்தார். அவர் ஜீப் வாய்க்கால் பாலத்தில் ஏறும்போதே யாரோ பார்த்துவிட்டார்கள். மூட்டை ஏற்றுவதற்கு மட்டும் நேரம் கிடைத்தது. அவர் நேராக மேற்குக் கொட்டகைக்குப் போய், இதற்கு அடியில் என்ன என்று கேட்டார். பழைய தொட்டி, காலி என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் என்னை விட்டுவிட்டு உன் பக்கம் திரும்பினார். நீங்கதானே ஃபோர்மேன், நீங்க சொல்லுங்க என்றார்.

அந்த ஒரு நிமிடத்துக்குள் நான் ஜெயிலுக்குப் போய்விட்டு வந்துவிட்டேன். படிவத்தில் இருந்தது முதலாளி கையெழுத்து இல்லை, என் கையெழுத்து. அது உனக்குத் தெரியும். நீ என்னைப் பார்த்தாய். பிறகு அதிகாரியைப் பார்த்துச் சொன்னாய்:

“மேற்படிதான் சார்.”

அவர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். பத்து மூட்டையை இறக்கிப் பார்க்க யாருக்கு மனசு வரும்?

அன்று சாயங்காலம் சைக்கிள் நிற்கிற இடத்தில் உன்னைப் பிடித்துக் கேட்டேன். நீதானே எழுதியது என்று. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. எழுதியும் விடுவான், பிறகு என்னைக் காப்பாற்றியும் விடுவான், எல்லார் கண்ணிலும் பெரிய ஆளாக நிற்பான் என்று தோன்றியது. எத்தனை வருடத்துக் கோபம் அது! பெஞ்சிலிருந்து, சைக்கிளிலிருந்து, ‘அண்ண’னிலிருந்து சேர்த்துவைத்தது. நீ பூட்டைத் திறந்துகொண்டே சொன்னாய்:

“நான் எழுதினா கையெழுத்துப் போட்டு எழுதுவேன்டா. ஒன்ன மாதிரி.”

நீ என்ன அர்த்தத்தில் சொன்னாயோ, எனக்கு அது குத்தலாகத்தான் கேட்டது. இன்றும் அப்படித்தான் கேட்கிறது. மறுநாள் காலை, யாரும் கேட்காமலே, நானே முதலாளி அறைக்குப் போய் அந்தக் கடுதாசியை எழுதியது நீதான் என்று சொன்னேன். மதியத்துக்குள் உன்னை அனுப்பிவிட்டார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எண்ணெய்ப் பாட்டிலைப் பாயிடம் கொடுத்துவிட்டு, என் ஜன்னலைத் தாண்டிப் போனாய். உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வந்திருக்க மாட்டேன்.

இரண்டு வருடம் கழித்துப் பட்டறை வாசலில் வந்து நின்றாய். உடம்பு பாதியாகியிருந்தது. மூச்சு விடும்போது மூக்கிலிருந்து மெல்லிய விசில் சத்தம் வந்தது. பேசும்போது நீ அதை மறைக்கப் பார்த்தாய். நெஞ்சில் ஏதோ கட்டி, டாக்டர் என்ன கெமிக்கலில் வேலை பார்த்தாய் என்று எழுதி வாங்கி வரச் சொல்கிறார், ஒரு துண்டுச் சீட்டு போதும் என்றாய். நான் உன்னை உள்ளே கூப்பிடவில்லை. கேட்டின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

“யாரை? மேற்படியையா?”

அதுதான் நீ என்னிடம் பேசிய கடைசி வார்த்தை. சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். விசிலோடு.

சீட்டு கொடுத்திருந்தால் நீ பிழைத்திருப்பாய் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தொட்டிதான் உன் நெஞ்சைத் தின்றதா என்பதும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. அதை அடைத்தவன் நான். அது மட்டும் நிச்சயம்.

உன் சாவுக்கு நான் வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் வந்தேன். உன் மனைவி காபி கொடுத்தார்கள். உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொன்னதில்லைங்க என்றார்கள். அதைவிட நீ நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம். பிறகு உள்ளே போய் ஒரு தாளும் ரேஷன் கார்டும் எடுத்து வந்து, உன் பெயரை நீக்குவதற்கு மனு எழுதித் தரச் சொன்னார்கள். படித்தவர், நீங்கதான் நல்லா எழுதுவீங்க என்றார்கள். எழுதினேன். குடும்பத் தலைவர் பெயர், வயது, விலாசம். அடுத்த வாக்கியத்தில் கை தானாகப் போய்விட்டது: ‘மேற்படி நபர் காலமாகிவிட்டபடியால்’. நான் எழுதிய படிவங்களிலேயே அந்தச் சொல் பொய் சொல்லாத ஒரே இடம் அதுதான். முடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்து வண்டியை எடுத்தேன்.

இப்போது பாய் சொன்ன இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். மூக்கைப் பற்றிச் சொல்லி முடித்த பிறகும் அவர் போகவில்லை. துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டே நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அந்தக் கடுதாசி நான் போட்டது சார். அண்ணன் இல்ல.”

உன்னை அனுப்பிய அன்று சாயங்காலமே உன் வீட்டுக்கு வந்து ஒப்புக்கொண்டாராம். முதலாளியிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றாராம். நீ விடவில்லை. “ஒங்களுக்கு மூணு பொண்ணு இருக்கு பாய். எனக்கு என்ன, ஒரே வேலைதான போச்சு” என்றாயாம். அதோடு, எம்மெஸ்ஸிக்கும் இது தெரிய வேண்டாம், தெரிந்தால் அவனால் தாங்க முடியாது என்றாயாம்.

ஐந்து வருடமாக இதை வயிற்றில் கட்டிக்கொண்டு அந்த மனிதர் அதே தொட்டியில் நின்றிருக்கிறார். நான் பத்தடி தள்ளி உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். செத்தவனைத் திட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது, அவன் பதில் சொல்ல மாட்டான். இன்று காலை அந்தச் சுகமும் போய்விட்டது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். உன்மேல் இருக்கிற கோபம் முழுவதும் போகவில்லை. அதிகாரி கேட்டபோது நீ உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்காக, பாய்க்காக என்று யார் யாருக்காகவோ நீ வாயை மூடிக்கொண்டாய். அதனால் நான் தப்பித்தேன், முதலாளி தப்பித்தார், தொட்டியும் தப்பித்தது. அது இன்றைக்கு இன்னொருவர் மூக்கைத் தின்கிறது. நல்லவனாக இருந்து எங்களைக் காப்பாற்றினாயே தவிர, அந்த இடத்தில் நிற்கிற ஆளைக் காப்பாற்றவில்லை. அன்றைக்கு உன் வாயிலிருந்தும் அந்தச் சொல்தான் வந்தது. இதை உனக்கு நேரே சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன்.

புதுப் படிவம் கம்ப்யூட்டரில் வருகிறது. காலையில் பாய் வருவதற்கு முன் அதைத்தான் திறந்து வைத்திருந்தேன். இரண்டாவது வரிசையில் வழக்கமான சொல்லை அடித்துப் பார்த்தேன். ஏற்கவில்லை. எண் மட்டும் போடவும் என்று சிவப்பில் வந்தது. பூஜ்யம் போட்டால் ஏற்கிறது. இத்தனை வருடம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். யாராவது கேட்டால், கை தவறிவிட்டது, பழைய பிழை தொடர்ந்துவிட்டது என்று சொல்ல ஓர் இடம் இருந்தது. இந்தப் பூஜ்யத்தை என் விரலால் நானே போட வேண்டும். போடவில்லை. மூடிவிட்டேன்.

பாய்க்குத் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். ஆசிட்டின் பெயர், எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், ஆவி வெளியேற வழி இல்லை என்பது வரை எழுதினேன். என் பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டு, பட்டறை முத்திரையும் குத்தினேன். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். உன் நோட்டு மாதிரியே அது வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தது. நன்றி சொல்லவில்லை. சரிதான். இது மூன்று வருடம் தாமதமாக வேறொரு ஆளுக்குப் போகிற சீட்டு.

முதலாளிக்கு நாளைக்குள் தெரிந்துவிடும். வேலை இருக்காது. ஐம்பத்திரண்டு வயதில் எம்.எஸ்சி.யை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று இப்போது யோசிக்க முடியவில்லை.

உனக்கு எழுதியிருக்கிற இந்தக் கடிதத்தை அலுவலகத்துக்கு அனுப்பப் போகிறேன். உன் விலாசத்துக்கு அனுப்பினால் உன் மனைவி பிரிப்பார்கள். அவர்களை நான் தனியாக நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அதற்கு இன்னும் தைரியம் வரவில்லை. அலுவலகத்துக்கென்று புகார் மனுவாக எழுத உட்கார்ந்தேன். ‘மேற்கண்ட விஷயமாக’ என்று ஆரம்பித்தது. கிழித்துவிட்டேன். உனக்கு எழுதும்போதுதான் கை நேராகப் போகிறது. படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும். கூடவே ஒன்பது வருடப் படிவங்களின் நகல், டம்ளர் வட்டம் விழுந்த அந்தத் திருத்தக் கடிதம், மூட்டையை எங்கே நகர்த்திப் பார்க்க வேண்டும் என்பதற்குப் பென்சிலால் போட்ட ஒரு படம், எல்லாம் உறைக்குள் இருக்கிறது.

கையெழுத்துப் போடவில்லை. மொட்டைக் கடுதாசிதான். பயந்தாங்கொள்ளி என்பாய். அதுவும் உண்டு. ஆனால் அந்த ஒன்பது தாளிலும் என் கையெழுத்து இருக்கிறது, இந்த எழுத்தும் அந்த எழுத்தும் ஒன்று என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். அவர்களே கண்டுபிடித்து வந்து கேட்கட்டும். ஆமாம் என்று சொல்வேன். இந்த ஒன்பது வருடமும் என் கையெழுத்து இருந்த காகிதமெல்லாம் அவர்களிடம் பொய்யாகவே போயிருக்கிறது. மறுபடி உண்மையாகப் போகிற முதல் காகிதத்தில் அது வேண்டாம்.

மேஜை இழுப்பறையில் உன் பாட்டில் இருக்கிறது. அடியில் கொஞ்சம் எண்ணெய் மிச்சம். புதுப் பாட்டில் வாங்கிக்கொண்டதும் பழையதைப் பாய் தூக்கிப் போட்டார், எடுத்து வைத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மூடியைத் திறந்தால் நீ பக்கத்தில் நின்று கிலோ கணக்கு வாசிக்கிற மாதிரி இருக்கிறது. அதை உறையில் வைக்க முடியாது. என்னோடு இருக்கட்டும்.

வாய்க்காலில் நேற்றுத்தான் தண்ணீர் வந்தது. தபால் பெட்டி பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தாளின் கடைசியில், கையெழுத்துப் போடுகிற இடத்தில், பழக்கதோஷத்தில் கை அந்த ஒரு சொல்லை எழுதப் பார்த்தது. விடவில்லை. வெறுமையாகவே மடிக்கிறேன்.